இருபது நிமிட இடைவேளையும் ஒரு சிறிய கியூபச் சுருட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் கப்பல் சரக்கு ஆவணங்களைக் கையாளும் ஓர் அலுவலகத்தில் பதினேழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வாரத்தில் இரண்டு நாள், அதிகம் போனால் மூன்று நாள், மதிய இடைவேளையிலோ மாலை நான்கு மணி வாக்கிலோ ஒரு சிறிய கியூபச் சுருட்டைப் புகைப்பது என் வழக்கம். உடன் வேலை செய்பவர்களும் நண்பர்களும் இதைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளையும், ஆண்டுக்கணக்கில் தெளிவடைந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். 21 வயது நிறைந்த, ஏற்கெனவே புகைக்கும் பழக்கமுள்ளவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். புகைக்காதவர் யாரும் இதைப் படித்துவிட்டுத் தொடங்கிவிடக் கூடாது என்பது என் உண்மையான விருப்பம்.

சிறிய கியூபச் சுருட்டு என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட பொருள்கள் வழங்குகின்றன. வாங்கப் போகிறவர் முதலில் இந்த வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, இயந்திரத்தில் செய்யப்படும் மினி, கிளப் வகைகள். கோஹிபா, மான்டிகிறிஸ்டோ, பார்தகாஸ், ரொமியோ இ ஹூலியேட்டா போன்ற பெரிய பெயர்களிலேயே இவையும் வருகின்றன. மினி என்பது 82 மில்லிமீட்டர் நீளம், 20 வளைய அளவு. கிளப் சற்றுப் பெரியது. 96 மில்லிமீட்டர் நீளம், 22 வளைய அளவு. வளைய அளவு என்பது சுருட்டின் விட்டத்தை ஓர் அங்குலத்தின் 64 பங்குகளில் சொல்லும் கணக்கு. எனவே மினியின் விட்டம் சுமார் 8 மில்லிமீட்டர்தான். பார்வைக்குச் சிகரெட்டைப் போலவே இருக்கும். உள்ளே இருப்பது நறுக்கிய இலை, ஆனால் முழுக்க முழுக்கக் கியூப நாட்டுப் புகையிலை.

இரண்டாவது, கையால் உருட்டப்படும் சுருட்டுகளில் அளவில் சிறியவை. இவற்றில் இலை நறுக்கப்படுவதில்லை. சுருட்டின் முழு நீளத்துக்கும் ஓடும் இலைகளை மடித்து உள்ளே வைத்து, அதன்மேல் அவற்றைக் கட்டிப் பிடிக்கும் கட்டு இலை ஒன்றைச் சுற்றி, கடைசியாக மேலிலையைப் போர்த்துகிறார்கள். உள்ளிலைகளில் வோலாதோ, செக்கோ, லிகெரோ என மூன்று வகை உண்டு: செடியின் அடிப்பகுதியிலிருந்து எடுக்கப்படும் வோலாதோ நன்றாக எரியும், நடுப்பகுதியின் செக்கோ மணம் தரும், வெயிலை அதிகம் வாங்கிய மேற்பகுதியின் லிகெரோ காரம் தரும். மூன்றையும் எந்த அளவில் சேர்ப்பது என்பதில்தான் ஒவ்வொரு சின்னத்தின் சுவையும் அடங்கியிருக்கிறது. இந்தப் புகையிலையில் மிகச் சிறந்தது கியூபாவின் மேற்கே பினார் டெல் ரியோ மாநிலத்தின் வுவெல்தா அபாஹோ வட்டாரத்தில் விளைகிறது.

நான் இந்தப் பக்கத்தில் "சிறிய சுருட்டு" என்று எழுதும்போது பெரும்பாலும் இரண்டாவது வகையையே குறிப்பிடுகிறேன். மினி அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

பெரிய சுருட்டு சுவை மிகுந்தது என்கிறார்களே, ஏன் சிறியது?

சுருட்டுக்காக நேரத்தை இழுக்கக் கூடாது. இருக்கும் நேரத்துக்குத் தக்க சுருட்டை எடுக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. தொடக்கத்தில், பெயர் பெற்றது என்பதற்காக ஒரு ரொபுஸ்டோவை மதிய இடைவேளையில் பற்றவைப்பேன். 124 மில்லிமீட்டர் நீளமும் 50 வளைய அளவும் கொண்ட அந்தச் சுருட்டு ஒரு மணி நேரம் கேட்கும். என் கையில் இருந்ததோ இருபத்தைந்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வேகமாக இழுத்ததில் சுருட்டு சூடேறி, வாயெல்லாம் கசந்து, பாதியைச் சாம்பல் கிண்ணத்தில் விட்டுவிட்டு ஓடினேன். காசும் போனது, ஓய்வும் கிடைக்கவில்லை. அடுத்த வாரமே ஒரு சிறிய சுருட்டை அதே இருபத்தைந்து நிமிடத்தில் கடைசி விரற்கடை வரை நிதானமாகப் புகைத்து முடித்தபோது, வேலைக்குத் திரும்பிய மனநிலையே வேறாக இருந்தது.

சுவையில் குறைவு என்பதும் முழு உண்மையன்று. பெரிய சுருட்டு மெல்ல மெல்ல மாறி, மூன்றில் ஒரு பங்கு எரிந்தபின்தான் தன் குணத்தைக் காட்டும். சிறியதோ முதல் இழுப்பிலேயே நேரடியாகப் பேசத் தொடங்கிவிடும். சில சிறிய சுருட்டுகள் தங்கள் பெரிய உடன்பிறப்புகளைவிடக் காரமானவை.

எந்த இடைவேளைக்கு எது பொருந்தும்?

பத்து நிமிடத்துக்குள் என்றால் மினி அல்லது கிளப். இருபது நிமிடம் இருந்தால் எச். உப்மன் ஹாஃப் கொரோனா. 90 மில்லிமீட்டர் நீளம், 44 வளைய அளவு. இருபத்தைந்து முதல் முப்பது நிமிடம் என்றால் 102 மில்லிமீட்டரும் 40 வளைய அளவும் கொண்ட பெர்லா வடிவம், அல்லது 110 மில்லிமீட்டரும் 42 வளைய அளவும் கொண்ட மினுத்தோ வடிவம். இவை என் கைக்கணக்கு. வேகமாக இழுப்பவருக்குக் குறையும், பேசிக்கொண்டே புகைப்பவருக்குக் கூடும். முப்பது நிமிடத்துக்கு மேல் தேவைப்படும் எதையும் வேலை நாளில் நான் தொடுவதில்லை.

முதன்முறை வாங்குபவருக்கு எதைச் சொல்வீர்கள்?

எச். உப்மன் ஹாஃப் கொரோனா. 2011இல் அறிமுகமான இந்தச் சுருட்டு, குறுகிய நேரத்தை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டதோ என்று எண்ணத் தோன்றும் அளவுக்குப் பொருந்தி வருகிறது. மிதமான காரம், வறுத்த காப்பிக்கொட்டையின் வாசம், முடிவில் லேசான இனிப்பு. உப்மன் சின்னம் 1844ஆம் ஆண்டிலிருந்து வருவது. அதன் சிறிய சுருட்டுகளுக்கு ஒரு வரலாறும் உண்டு. 1962 பிப்ரவரியில் கியூபா மீதான வணிகத் தடை ஆணையில் கையொப்பமிடுவதற்கு முன்பாக, அமெரிக்க அதிபர் கென்னடி தம் பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சரை அழைத்துத் தமக்கு ஆயிரம் சுருட்டுகள் வேண்டும் என்று கேட்டாராம். மறுநாள் காலை 1,200 சுருட்டுகள் கிடைத்துவிட்டன என்ற செய்தி வந்த பிறகே கையொப்பமிட்டார் என்று சாலிஞ்சரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கென்னடி கேட்டது உப்மனின் சிறிய வகையைத்தான்.

காரம் விரும்புகிறவர்களுக்கு பார்தகாஸ் ஷார்ட்ஸ். மிளகும் ஈர மண்ணும் கலந்த சுவை. உணவுக்குப் பிறகு மட்டுமே பொருந்தும். ராமோன் அயோனெஸ் ஸ்மால் கிளப் கொரோனா அதே மினுத்தோ வடிவம்தான், ஆனால் உலர்ந்த பழத்தின் இனிப்பு கலந்திருக்கும். இந்தப் பக்கத்தில் சொல்லப்பட்ட எல்லாவற்றிலும் என் மனத்துக்கு மிக நெருங்கியது அதுவே. மான்டிகிறிஸ்டோ நம்பர் 5 பெர்லா வடிவத்தில் நீண்ட காலமாக வருவது. நன்றாக அமைந்த பெட்டியில் அருமையாக இருக்கும். சில பெட்டிகளில் இழுவை இறுக்கமாக இருந்து பொறுமையைச் சோதிக்கும். ட்ரினிடாட் ரேயெஸ் மென்மையானது, காலை நேரத்துக்கு ஏற்றது. கோஹிபா சிக்லோ 1 நல்ல சுருட்டுதான் என்றாலும், 2022இல் கோஹிபா, ட்ரினிடாட் சின்னங்களின் விலை உலகெங்கும் ஒரே சீராக உயர்த்தப்பட்ட பிறகு, செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் எரித்துவிட எனக்கு மனம் வருவதில்லை.

எப்படி வெட்டுவது, எப்படிப் பற்றவைப்பது?

சிறிய சுருட்டில் பிழைக்கு இடம் குறைவு என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வாயில் வைக்கும் முனையில் மேலிலையின் சிறு துண்டு ஒன்று தொப்பி போல ஒட்டப்பட்டிருக்கும். அந்தத் தொப்பியில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வெட்டக் கூடாது. அதிகம் வெட்டினால் மேலிலை பிரிந்துகொண்டே போகும். வெட்டும் முன் முனையை உதட்டில் ஒரு நொடி வைத்து ஈரப்படுத்தினால், குளிரூட்டிய அறையில் காய்ந்திருக்கும் இலை நொறுங்காது. வெட்டியபின் பற்றவைக்காமலே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். காற்று தடையின்றி வர வேண்டும். வைக்கோல் போரின் வாசம் நாக்கில் படும்.

பற்றவைக்க, வாசனையற்ற எரிவாயு லைட்டரோ நீளமான தீக்குச்சியோ போதும். தீக்குச்சி என்றால் மருந்து எரிந்து முடியும் வரை காத்திருங்கள். இல்லாவிட்டால் கந்தக வாடை முதல் ஐந்து நிமிடமும் கூடவே வரும். சுருட்டை வாயில் வைத்துக்கொண்டே தீயை நீட்டுவது சிகரெட்டின் பழக்கம். சுருட்டைக் கையில் பிடித்து, தீயின் நுனி படாமல் அதற்கு மேலே, விளிம்பு முழுவதும் கறுத்து நடுவில் சிவப்பு தெரியும் வரை மெல்ல உருட்டுங்கள். 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள சுருட்டுக்கு இதற்குப் பதினைந்து நொடிகூட ஆகாது. பிறகு வாயில் வைத்து இரண்டு மெல்லிய இழுப்பு. முனையை லேசாக ஊதிப் பாருங்கள்: வட்டம் முழுவதும் ஒரே சிவப்பாகத் தெரிந்தால் சரியாகப் பற்றிவிட்டது. ஒரு பக்கம் கறுப்பாக இருந்தால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் தீயைக் காட்டுங்கள்.

அதற்குப் பிறகு நிமிடத்துக்கு ஓர் இழுப்பு. சிறிய சுருட்டு பெரியதைவிட விரைவில் சூடேறும்; சூடேறியதும் கசக்கும். விரலில் வெப்பம் தெரிந்தால் இரண்டு நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். கையால் உருட்டிய நல்ல சுருட்டின் சாம்பல் வெளிர்சாம்பல் நிறத்தில், இலை அடுக்குகளின் வரி தெரிய, ஒன்றரை சென்டிமீட்டர் வரை உதிராமல் நிற்கும். அதைத் தட்ட வேண்டியதில்லை, கிண்ணத்தின் விளிம்பில் சாய்த்தாலே தானாக விழும்.

புகையை உள்ளிழுக்க வேண்டுமா?

கூடாது. சுருட்டுப் புகை அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை உடையது என்பதால் வாயின் உட்சவ்வு வழியாகவே நிக்கோட்டின் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. சிகரெட் பழக்கமுள்ளவர்கள் மினியைப் பிடிக்கும்போது தங்களை அறியாமலே உள்ளிழுத்துவிடுகிறார்கள். மினியை நான் அதிகம் பரிந்துரைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். வெறும் வயிற்றில் புகைத்துத் தலை சுற்றினால் உட்கார்ந்து, சர்க்கரை போட்ட தேநீர் ஒன்றைக் குடியுங்கள்.

சிகரெட்டைவிடச் சுருட்டு கெடுதல் குறைந்தது என்பது உண்மையா?

இல்லை. அளவில் சிறிய சுருட்டு, கையால் செய்த சுருட்டு, வேதிப்பொருள் சேர்க்காத சுருட்டு என்று எந்தப் பெயரைச் சொன்னாலும் பதில் அதுவே. உள்ளிழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் அபாயம் உண்டு. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் சுருட்டைப் பற்றி மட்டுமே ஆராய்ந்து 1998இல் ஒரு முழு அறிக்கையை வெளியிட்டது. நாள்தோறும் சுருட்டுப் புகைப்பவர்களுக்கு இந்த நோய்கள் கூடுவதை அது தெளிவாகக் காட்டியது. நிக்கோட்டின் இருப்பதால் அடிமையாகும் வாய்ப்பும் உண்டு. பக்கத்தில் நிற்பவருக்கும் அந்தப் புகை தீங்குதான்.

இதை அறிந்துதான் நான் வாரத்துக்கு மூன்று என்ற வரம்பை வைத்திருக்கிறேன். அந்த வரம்பு என்னைப் பாதுகாப்பானவனாக ஆக்கிவிடவில்லை; அபாயத்தைக் குறைக்கிறது, நீக்கவில்லை. இடைவேளை வந்தாலே கை தானாகப் பெட்டியைத் தேடுகிறது, சுருட்டு இல்லாத நாளில் எரிச்சல் வருகிறது என்றால், அது சுவைப்பு என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று பொருள். அப்போது சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 1800 438 2000 என்ற எண்ணை அழையுங்கள். விட விரும்புகிறவர்களுக்கு வழிகாட்டுவதற்கென்றே அந்த எண் இருக்கிறது. என் நெருங்கிய நண்பர் ஒருவர் அந்த எண்ணில் தொடங்கித்தான் விட்டார். இன்றும் என்னோடு காப்பி குடிக்க வருகிறார். நான் அவர் முன் பற்றவைப்பதில்லை.

சிங்கப்பூரில் எங்கே புகைக்கலாம்?

இந்த ஊரில் புகைபிடிப்பதற்கு எதிரான சட்டம் 1970லேயே பேருந்துகளிலும் திரையரங்குகளிலும் தொடங்கிவிட்டது. இன்று எங்கே கூடாது என்ற பட்டியல், எங்கே முடியும் என்ற பட்டியலைவிடப் பல மடங்கு நீளம். வேலை நாளில் நம் கால் படும் இடங்களை மட்டும் சொல்கிறேன். கட்டடங்களின் நுழைவாயில், வெளியேறும் வழி, சன்னல், காற்றோட்டத் துவாரம் ஆகியவற்றிலிருந்து ஐந்து மீட்டருக்குள் கூடாது. பேருந்து நிறுத்தத்திலும் அதைச் சுற்றி ஐந்து மீட்டருக்குள்ளும் கூடாது. கூரையுள்ள நடைபாதை, மேம்பாலம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம், மாடிப்படி, பலமாடி வாகன நிறுத்துமிடம், இவை எல்லாவற்றிலும் தடை உண்டு. 2022 ஜூலை 1 முதல் எல்லாப் பொதுப் பூங்காக்களிலும் தடை. ஆர்ச்சர்ட் சாலை வட்டாரம் 2019 ஜனவரி 1 முதல் புகையற்ற பகுதி. அங்கே ஒதுக்கப்பட்ட இடங்களில் மட்டுமே புகைக்கலாம். மீறினால் நீதிமன்றத்தில் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கலாம்.

மஞ்சள் கோடு போட்ட புகைபிடிக்கும் மூலை சில காப்பிக் கடைகளில் இன்னும் இருக்கிறது. ஆனால் புதிதாக எந்தக் கடைக்கும் 2017 முதல் அனுமதி தருவதில்லை என்பதால், ஒரு கடை கைமாறும்போது அந்த மூலையும் மறைந்துபோகிறது. நான் போகும் இடம், அலுவலகக் கட்டடத்துக்குப் பின்புறம் சரக்கு இறக்கும் பாதையைத் தாண்டி இருக்கும் ஒரு மஞ்சள் கட்டம். ஒரு சாம்பல் தொட்டி, ஒரு கல் திட்டு, மேலே மழை மரத்தின் கிளை. அங்கே போக மூன்று நிமிடம், திரும்ப மூன்று நிமிடம். இடைவேளையைக் கணக்கிடும்போது இந்த ஆறு நிமிடத்தையும் கழித்துவிட்டுத்தான் சுருட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

இவ்வளவு விலை ஏன்?

வரி. சுருட்டுக்கு எடையின் அடிப்படையில் தீர்வை விதிக்கப்படுகிறது. 2023 பிப்ரவரி 14 அன்று 15 விழுக்காடு உயர்த்தப்பட்டபோது அது கிலோவுக்கு 491 வெள்ளியானது. அந்த விகிதத்தில், ஏழு கிராம் எடையுள்ள ஒரு சிறிய சுருட்டுக்குத் தீர்வை மட்டும் ஏறத்தாழ 3 வெள்ளி 44 காசு. அதற்கு மேல் பொருள், சேவை வரி. தீர்வை அவ்வப்போது மாறும், சுங்கத்துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். எடைக்கு வரி என்பதால் சிறிய சுருட்டுக்கு வரியும் சிறியது என்பதே இதில் உள்ள ஒரே ஆறுதல்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒரு பொது விதி. 2020 ஜூலை 1 முதல் சிங்கப்பூரில் விற்கப்படும் சிகரெட், சுருட்டு, பீடி எல்லாமே ஒரே மங்கிய பழுப்பு நிறப் பொதியில், 75 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கைப் படத்தோடு வர வேண்டும். சின்னத்தின் வண்ணமும் படமும் இருக்கக் கூடாது. கடைகளில் 2017 ஆகஸ்ட் முதல் புகையிலைப் பொருள்களைக் கண்ணில் படும்படி வைப்பதற்கும் தடை உண்டு. எனவே யாராவது பளபளக்கும் மஞ்சள் கோஹிபா பெட்டியை இங்கே மலிவாக விற்க முன்வந்தால், அது போலியாகவோ தீர்வை செலுத்தாததாகவோதான் இருக்கும். தீர்வை செலுத்தாததை வாங்குகிறவரும் குற்றவாளியே.

வெளிநாட்டில் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கண்ணாடி மூடியிட்ட பெட்டியில் கோஹிபா சுருட்டுகளைக் கியூபா தயாரிப்பதில்லை. எனக்கு இது தெரியாத காலத்தில், விடுமுறைக்குப் போய்வந்த ஒருவர் அப்படிப்பட்ட பெட்டி ஒன்றை மிகுந்த அன்போடு கொண்டுவந்து கொடுத்தார். முதல் சுருட்டே எரிந்த அட்டையைப் போல நாறியது. இரண்டாவதை மேசை மேல் வைத்து நீளவாக்கில் பிளேடால் கீறிப் பார்த்தேன். உள்ளே மடித்த இலை எதுவும் இல்லை. தரையைக் கூட்டி அள்ளியது போன்ற தூளும், தீக்குச்சி கனத்தில் இரண்டு காம்புகளும், ஒரு நூல் துண்டும் கிடந்தன. அவர் மனம் நோகக் கூடாது என்று நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் மிச்சமிருந்த இருபத்துமூன்றையும் குப்பையில் போட்டேன். கையால் செய்த உண்மையான பெட்டியின் அடியில், "முழுவதும் கையால்" என்று பொருள்படும் "டோடால்மெண்டே ஆ மானோ" என்ற முத்திரை சூட்டுக் குறியாக இருக்கும். அது மட்டுமே சான்றாகிவிடாது என்றாலும், அது இல்லாத பெட்டியைத் தொட வேண்டாம்.

நம் ஊர் ஈரக்காற்றில் எப்படிப் பாதுகாப்பது?

சுருட்டு விரும்புவது 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதம். சிங்கப்பூரின் வெளிக்காற்றில் அது எண்பதைத் தாண்டும், இரவு முழுக்கக் குளிரூட்டிய அறையிலோ மிகவும் குறைந்துவிடும். சிறிய சுருட்டு மெலிந்தது என்பதால் இரண்டு பக்கமும் விரைவில் பாதிக்கப்படும்: மேசை இழுப்பறையில் ஒரு வாரம் திறந்து வைத்தால் காய்ந்து வெடிக்கும், வீட்டுச் சமையலறை அலமாரியில் வைத்தால் பூசணம் பிடிக்கும். ஒரு டிசம்பர் மழையில் என் பார்தகாஸ் பெட்டி முழுவதும் பச்சை கலந்த வெண்ணிறப் பஞ்சு படர்ந்துவிட்டது. துடைத்துப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். சுருட்டின் அடிமுனைக்குள் பூசணம் போயிருந்தால் எறிந்துவிடுவதே சரி.

விலையுயர்ந்த மரப்பெட்டி தேவையில்லை. இறுக்கமாக மூடும் உணவு டப்பா ஒன்றும், ஈரத்தை உறிஞ்சவும் வெளிவிடவும் வல்ல 65 விழுக்காட்டு போவெடா பொட்டலம் ஒன்றும் போதும். அலுவலகத்துக்கு ஒரு நாளைக்கு ஒன்று மட்டும் சிறிய குழாயில் எடுத்துச் செல்லுங்கள். வெப்பமும் முக்கியம். 25 பாகைக்கு மேல் போனால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டை பொரியும். குண்டூசி குத்தியது போன்ற துளை தெரிந்தால் அதுதான். வண்டு கண்டால் இரட்டைப் பையில் கட்டி மூன்று நாள் உறைபெட்டியிலும், பிறகு ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டிலும் வைத்து, அதன் பின்னரே வெளியே எடுங்கள். மினி வகைகளுக்கு இவ்வளவு பாடு வேண்டாம், பொதியை இறுக மூடி வைத்தால் போதும்.

கூடவே என்ன குடிக்கலாம்?

கோப்பி ஓ கோசோங். சர்க்கரையும் பாலும் இல்லாத அந்தக் கடும் காப்பிக்கு உப்மனைப் போல ஒத்துப்போகும் வேறு சுருட்டு இல்லை. பார்தகாஸ் என்றால் இஞ்சி போட்ட தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர். வெறும் தண்ணீரும் நல்லதே.

நம் சுருட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

வழி வேறு. ஆனால் ஆங்கிலத்தில் இருமுனையும் திறந்த சுருட்டுக்கு வழங்கும் "செரூட்" என்ற சொல் நம் "சுருட்டு" என்ற சொல்லிலிருந்து போனதுதான். திருச்சி உறையூரும் திண்டுக்கல்லும் யாழ்ப்பாணமும் சுருட்டுக்குப் பேர்போன ஊர்கள். என் தாத்தா திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவர். துறைமுக வேலை முடிந்து திரும்பியதும் வாசற்படியில் உட்கார்ந்து ஒரே ஒரு சுருட்டு, அதற்கு மேல் இல்லை. காவல் தெய்வத்துக்குப் படையல் போடும்போது வாழையிலையில் ஒரு சுருட்டையும் சேர்த்து வைப்பார். நம் சுருட்டு கடுமையானது, விரைவில் எரிவது. கியூபச் சுருட்டில் இலையை நொதிக்க வைத்து முதிரவிடும் காலம் நீண்டது. இரண்டையும் உயர்வு தாழ்வு பார்த்து ஒப்பிட எனக்கு விருப்பமில்லை.

வாடை அடிப்பதாக உடன் வேலை செய்பவர்கள் குறை சொல்கிறார்களே?

அவர்கள் சொல்வது நியாயம். சுருட்டு வாடை சட்டையில் சிகரெட்டைவிட நீண்ட நேரம் நிற்கும். காற்று எதிரே வரும்படி நிற்பது, ஒரு பழைய மேல்சட்டையை அதற்கென்றே வைத்துக்கொள்வது, கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுவது, வாய் கொப்பளிப்பது, மின்தூக்கியில் ஏறுவதற்கு முன் ஐந்து நிமிடம் வெளியே நடப்பது. இவ்வளவும் செய்த பிறகும் யாராவது முகம் சுளித்தால் அன்றைக்கு மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளோ ஆஸ்துமா உள்ளவர்களோ அருகில் அமரும் அலுவலகம் என்றால், சுருட்டை வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்வதே முறை. புகைக்காதவருக்குக் கிடைக்காத கூடுதல் இடைவேளையை நாம் எடுத்துக்கொள்ளவும் கூடாது.

பாதியில் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது?

நசுக்காதீர்கள். நசுக்கினால் நாற்றம்தான் மிஞ்சும். கிண்ணத்தில் சும்மா வைத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அணையும். அரை மணி நேரத்துக்குள் திரும்பி வந்தால், சாம்பலைத் தட்டி, ஒருமுறை வெளிநோக்கி ஊதிவிட்டு மறுபடி பற்றவைக்கலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் விட்டுவிடுங்கள். மறுநாள் பற்றவைத்த சுருட்டு யாருக்கும் இன்பம் தந்ததில்லை.

பயணத்திலிருந்து திரும்பும்போது சில சுருட்டுகளைக் கொண்டுவரலாமா?

கொண்டுவரலாம், ஆனால் சிங்கப்பூரில் புகையிலைக்குத் தீர்வையற்ற அளவு என்று எதுவும் கிடையாது. ஒரே ஒரு சுருட்டாக இருந்தாலும் அறிவிக்க வேண்டும், தீர்வையும் பொருள், சேவை வரியும் செலுத்த வேண்டும். ஜோகூர் பாலத்தைத் தாண்டி வந்தாலும் சாங்கியில் இறங்கினாலும் இதே விதிதான். சுங்கத்துறையின் செயலியில் முன்கூட்டியே செலுத்திவிடலாம், அல்லது சிவப்பு வழியில் சென்று அதிகாரியிடம் சொல்லலாம். வாங்கிய ரசீதைக் கைப்பையின் வெளி அறையில் வைத்துக்கொள்ளுங்கள். எடையைக் கேட்பார்கள் என்பதால், பெட்டியில் எத்தனை சுருட்டு இருக்கிறது என்பதையும் எண்ணி வைத்துக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்.